போராகாய்: கடலைக் கழுவ ஆறு மாதம்

பிலிப்பைன்ஸின் பனாய் தீவில் உள்ள கட்டிக்லான் துறையில் படகேறினால் கால் மணி நேரத்துக்குள் போராகாய் வந்துவிடும். பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர். உடுக்கைபோல் இடை ஒடுங்கிய தீவு. மேற்கே 4 கிலோமீட்டர் நீளத்துக்கு வெண்மணல். அங்கிருந்து சற்று நடந்தால் கிழக்கே புலாபோக் கரை, பட்டத்தைப் பிடித்தபடி அலைமேல் சறுக்குவோரின் இடம்.

இந்தச் சிறு நிலத்துக்கு 2017இல் சுமார் 20 லட்சம் பேர் வந்தார்கள். விடுதிகள் பெருகிய வேகத்துக்குச் சாக்கடை வசதி ஈடுகொடுக்கவில்லை. மேற்கே சுற்றுலாப் பயணிகள் குளித்துக் களிக்க, பல கட்டடங்களின் கழிவு மழைநீர் வடிகால் வழியாகப் புலாபோக்கில் இறங்கியது. 100 மில்லிலிட்டர் நீரில் 1,000க்குள் இருக்க வேண்டிய கோலிஃபார்ம் கிருமிகளின் அளவு, 2015இல் அங்கே 47,000ஐத் தாண்டியது. ஈரநிலங்களைத் தூர்த்துக் கட்டியதால் மழைக்குச் சாலையில் தண்ணீர் தேங்கியது.

2018 பிப்ரவரியில் அதிபர் டுட்டர்டே போராகாயைச் சாக்கடைக் குழி என்றார். ஏப்ரல் 26 அன்று தீவு மூடப்பட்டது.

ஆறு மாதம் பயணிகள் வரவில்லை. திருட்டுக் குழாய்கள் அடைக்கப்பட்டன, கடலோரத்தில் 30 மீட்டருக்குள் நீட்டிக் கட்டியவை இடிக்கப்பட்டன, சாலைகள் அகலமாயின. அந்த வேலைக்கான விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் விடுதி ஊழியர்களும் படகோட்டிகளும் கரையில் மசாஜ் செய்து பிழைத்த பெண்களும்தான். குழாயைக் கடலில் விட்டவர்கள் அவர்கள் அல்ல.

அக்டோபர் 26 அன்று தீவு திறந்தபோது விதிகள் மாறியிருந்தன. ஒரு நேரத்தில் தீவில் இருக்கக்கூடிய பயணிகளின் உச்சவரம்பு 19,215. கடற்கரையில் புகைக்கவோ குடிக்கவோ கூடாது. 50 அறைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதிகள் சொந்தமாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்க வேண்டும். புகை கக்கும் முச்சக்கர வண்டிகளுக்குப் பதில் மின்சார வண்டிகள் ஓடுகின்றன.

ஊரின் பாதுகாப்பு நீரோடு முடிவதில்லை. 2019 கிறிஸ்துமஸ் நேரத்தில் ஃபான்ஃபோன் சூறாவளி தாக்கியபோது படகுகள் நின்று, பயணிகள் தீவிலேயே சிக்கிக்கொண்டார்கள். சூறாவளிக் காலத்தில் போகிறவர்கள் திரும்பும் நாளை இழுத்துக் கட்டாமல் ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பாதுகாப்பு, தீவின் ஆதிக்குடிகளான அத்தி மக்களுடையது. 2018 நவம்பரில் அரசு அவர்களுக்கு நிலப்பட்டா வழங்கியது. அந்த நிலத்துக்கு உரிமை கோரிய பிறர் அதை எதிர்த்தார்கள். விடுதிகள் நெருங்கி நிற்கும் இந்தத் தீவில், தங்கள் வீட்டுக்கும் வயலுக்குமான நிலத்துக்காக அத்தி குடும்பங்கள் அதன் பிறகும் போராட வேண்டியிருந்தது.