வயதுக்கு ஒரு பாடு

நாற்பத்தேழு வயதில் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றதும், கல்லூரி ஆசிரியர் அறையில் சிரிப்பு எழுந்தது. அதில் பகை ஏதுமில்லை. நடுவயதினர் நடைப்பயிற்சி செய்வதை நம் சமூகம் ஏற்கிறது, போட்டியிடுவதை ஏற்பதில்லை. உடம்பைப் பேணலாம், அதைக்கொண்டு எதற்கும் ஆசைப்படலாகாது.

டிரையத்லான் எனப்படும் இப்போட்டியின் கடுமையான வடிவம் அயர்ன்மேன். 1978இல் ஹவாயில் 15 பேருடன் தொடங்கியது. 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. மிதிவண்டி ஓட்டி, 42.2 கி.மீ. ஓட வேண்டும், பொதுவாக 17 மணி நேரமே கெடு. ஜப்பானியரான ஹிரோமு இனாடா அறுபதை எட்டிய பிறகு நீச்சலுக்கு வந்தவர். 2015இல் ஹவாயில் சில நொடிகள் பிந்தியதால் அவர் போட்டியை முடித்ததாகக் கணக்கில் ஏறவில்லை. 2018இல், தம் 85ஆம் வயதில், அதே ஊரில் கெடுவுக்குள் முடித்தார். முதியவர் என்று இரங்காத அந்தக் கடிகாரமே அவருக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

இரக்கம் இல்லை, ஆனால் நியாயம் உண்டு. ஐந்தைந்து ஆண்டுகளாக வயதுப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. 45 முதல் 49 வரை உள்ளவர் தம்மையொத்தவரோடு மட்டுமே ஒப்பிடப்படுவார். பல விளையாட்டுகள் சேர்ந்த உலக மாஸ்டர்ஸ் போட்டிகளிலும் இதே முறைதான். 2017இல் ஆக்லாந்தில் 101 வயது மன் கௌர் 100 மீட்டர் ஓடியபோது அவருடைய பிரிவில் வேறெவரும் இல்லை. ஆயினும் ஓடித்தான் பதக்கம் பெற்றார்.

இதையெல்லாம் பழவேற்காடு ஏரியைக் கடந்து பசியாவரத்தில் மாணவர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவருடைய தாத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபதைக் கடந்த மீனவர்.

"இன்னா துட்டு தருவாங்க வாத்தியாரே?"

"நாமதான் கட்டணும், ஐயா."

சிரித்தார். வயதுப் பிரிவை விளக்கியதும், "அப்போ நம்ம பாடு மாதிரின்னு சொல்லுங்க" என்றார்.

பழவேற்காட்டு ஏரியில் வலையிடும் இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மரபுக்குப் பாடு என்று பெயர். தலைக்கட்டு உரிமையுள்ளவர்கள் வரிசைப்படி இடம் மாறுவார்கள். வல்லவன் நல்ல இடத்தை வளைத்துப் போட முடியாது. எளியவனுக்கும் ஒரு நாள் உண்டு. போட்டி அமைப்பாளர்களின் வயது அட்டவணையை இதைவிடச் சுருக்கமாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

பிறகு கேட்டார்: "நேரம் ஆயிடுச்சுன்னா?"

"நிறுத்திடுவாங்க, ஐயா."

"எங்கள யாரு நிறுத்துறா?"

பாடு என்ற சொல்லுக்கு உழைப்பு, துன்பம் என்ற பொருள்களும் உண்டு என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறேன். அன்று அவருடைய தோளைப் பார்த்தேன். ஆழம் குறைந்த அந்த ஏரியில் கழி ஊன்றிப் படகு தள்ளியே தேய்ந்த தோள். முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன் வரத்துக் குறையும் காலங்களில் பாடு முறையாக வந்தாலும் வலை நிறைவதில்லை. உழைப்பு மட்டும் குறைவதில்லை. என் தோளோ இருபதாண்டுகளாகச் சுண்ணக்கட்டி பிடித்தே பத்திரமாக இருந்தது. நடுவயதில் உடம்பைப் புதிதாகக் கண்டடைய முடிவது, அதுவரை அதை விற்றுப் பிழைக்க வேண்டியிராதவர்களுக்குத்தான்.

அதற்காக நான் பெயரைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் என் முயற்சியை யாரேனும் வீரம் என்று சொல்லும்போது எனக்குக் கூசுகிறது. அது எனக்குக் கிடைத்த முறை. கெடு முடிந்ததும் கரையேறலாம் என்ற உறுதியோடு கிடைத்த முறை.