உட்கார்ந்தா, நின்றா?

விண்ணப்பங்களில் ஊர்ப்பெயர் எழுதும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கூச்சம் இருந்தது. எப்போதும்வென்றான். மதுரை – தூத்துக்குடி சாலையில், கரிசலின் நடுவே இருக்கிற ஊர். பெயரைப் படித்த குமாஸ்தாக்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தூத்துக்குடிக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தோம். நேர்காணல் கடிதம் வரவில்லை. மழையும் பொய்த்த வருடமொன்றில், சென்னை ஜவுளிக்கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினோம். சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் விசாரித்திருந்தோம்.

எங்களில் ஒருவனுடைய அம்மா மட்டும் வேறொன்று கேட்டாள்: “ஏய்யா, உக்காந்து பாக்குற வேலையா, நின்னு பாக்குற வேலையா?” தீப்பெட்டி ஆபீஸில் தரையில் அமர்ந்து குச்சி அடுக்கியே இடுப்பு போனவள். நாங்கள் சிரித்தோம்.

காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு பத்துக்குத்தான் கால் மடங்கும். ஆளில்லாத நேரத்திலும் சுவரில் சாயக்கூடாது. இரண்டாம் வருடம் கெண்டைக்காலில் நரம்புகள் புடைத்துச் சுருண்டன. 2010இல் ‘அங்காடித் தெரு’ வந்தபோது எங்களால் அதை வெறும் சினிமாவாகப் பார்க்க முடியவில்லை.

நின்று வேலை செய்பவருக்கு இடையிடையே அமர இருக்கை வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு 1948லேயே சொல்லிவிட்டது. கடைச் சிப்பந்திக்கு அது எட்டவில்லை. கோழிக்கோட்டுப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடியபின் 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. தொழிற்சாலையிலிருந்து கடைக்கு ஒரு நாற்காலி வந்துசேர எழுபத்து மூன்று ஆண்டுகள்.

உட்கார்ந்தே இருந்தவளுக்கு இடுப்பு போயிற்று, நின்றே இருந்த எங்களுக்குக் கால். வேண்டியது நாற்காலி மட்டுமல்ல. உடம்பு கேட்கும்போது உட்காரவும் எழவும் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிராத நிலை.

விண்ணப்பத்தில் எங்கள் உயரம், எடை, சாதி எல்லாவற்றுக்கும் கட்டமிருந்தது. நாங்கள் கேட்பதற்குத்தான் கட்டமில்லை. இப்போது ஊர்ப்பிள்ளைகள் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து சரிபார்க்கச் சொன்னால், பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு அந்த அம்மாவின் கேள்வியையும் சொல்லி அனுப்புகிறோம். அவர்களும் சிரிக்கிறார்கள்.