மாலத்தீவுக்குப் பெட்டி கட்டுமுன்

தூத்துக்குடி
22.8.2021

அடியே கோமதி,

மாலத்தீவில் மறுபடி நம்மாட்களை விடுகிறார்களாமே என்று குதித்து எழுதியிருக்கிறாய். விடுகிறார்கள்தான், இந்த ஜூலை 15லிருந்து. அதற்காக இப்போதே பெட்டி கட்டிவிடாதே.

எதிர்வீட்டு அக்கா மகன் அங்கே ஒரு ரிசார்ட் சமையல்கட்டில் இருந்தானே, ஞாபகம் இருக்கா? போன வருஷம் ஜூனில், கொரோனா நேரத்தில், கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் மாலேயிலிருந்து எழுநூறு பேரை ஏற்றிக்கொண்டு நம்ம துறைமுகத்துக்கே வந்தது. அதில்தான் வந்து இறங்கினான், சம்பள பாக்கியோடு. அவன் வந்த அஞ்சாம் மாசம் நடிகை காஜல் அகர்வால் தேனிலவுக்கு அங்கே போயாச்சு! பின்னாலேயே சமந்தாவும் நாக சைதன்யாவும். இன்ஸ்டாகிராமைத் திறந்தால் நீலத் தண்ணீரும் நீச்சலுடையும்தான். அக்கா செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள், "எம்மவன் இருந்த தீவு இதுவான்னு பாரு" என்று. எனக்கு என்னடி தெரியும், எல்லாத் தீவும் ஒரே மாதிரிதானே இருக்கு!

அந்த நாட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 2020 மார்ச்சில் மூடியதை ஜூலை 15லேயே திறந்துவிட்டார்கள். பி.சி.ஆர் ரிப்போர்ட்டே செப்டம்பர் 10லிருந்துதான் கேட்டார்கள். வேறென்ன செய்வார்கள்? ஜனத்தொகை அஞ்சு லட்சம் சொச்சம், 2019ல் வந்த சுற்றுலாக்காரர்களோ 17 லட்சம். அடுப்பெரியணுமே! அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதால், வருகிறவன் அங்கேயே கிடப்பான், ஊருக்குத் தொற்றாது என்று கணக்குப் போட்டார்கள். ஜனங்கள் குடியிருக்கிற தீவுகளில் சின்னச் சின்ன விடுதிகள் வைத்திருந்தவர்கள்தான் பாவம், அக்டோபர் வரை காத்துக் கிடந்தார்கள். ரிசார்ட் வேலைக்காரர்களை மாசக்கணக்கில் தீவை விட்டு நகர விடவில்லையாம், அக்கா மகன் கூட்டாளிகள் சொல்லி அழுதார்களாம். அதையெல்லாம் யார் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள்?

இந்த வருஷம் நம்ம ஊரில் ரெண்டாவது அலை வந்ததும் மே 13ல் தெற்காசியாவுக்கே கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குள் நடந்த கூத்து தெரியுமா? ஐ.பி.எல். பாதியில் நின்றதும் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் கிளம்பப் பார்த்தால், இந்தியாவிலிருந்து வந்தால் ஜெயில் என்று அவர்கள் சொந்த அரசாங்கமே சொல்லிவிட்டது. எல்லாரும் மாலத்தீவில் போய் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் சிட்னிக்குப் போனார்கள். கோடிக்கணக்கில் ஏலம் போனவர்களுக்கே அந்தக் கதி!

உனக்கு இப்போது என்ன வேண்டும் என்றால்: கிளம்புவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர், கடைசி 24 மணி நேரத்துக்குள் நிரப்பவேண்டிய 'இமூகா' என்கிற அவர்கள் நாட்டுப் பயணப் படிவம், கையில் ரிசார்ட் புக்கிங். திரும்பும்போது மறுபடி ஒரு பி.சி.ஆர், அதைக் கொண்டுபோய் நம்ம அரசாங்கத்து ஏர் சுவிதா இணையதளத்தில் ஏற்றணும். உன் வீட்டுக்காரர் ஆதார் அட்டையையே ரெண்டு நாள் தேடுகிற ஆள். யோசித்துக்கொள்.

அக்கா மகனை அந்த ரிசார்ட்டில் திரும்பக் கூப்பிட்டார்களாம். பழைய பாக்கியை முதலில் அனுப்புங்கள் என்றிருக்கிறான், அதோடு சத்தத்தையே காணோம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக்கடை போட்டுவிட்டான். 'மாலத்தீவு பரோட்டா ஸ்டால்' என்று போர்டு வைடா என்றேன், முறைக்கிறான்.

உன்
செல்வி