ஆயிரம் பேருக்கு ஒரு வோட்டு

ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடும் அபேட்சகர் திருவேங்கடத்துக்கு வோட்டுக் கேட்க வரமாட்டார். 2022-ம் வருஷம் திரௌபதி முர்முவும் யஷ்வந்த் சின்ஹாவும் ஆதரவு தேடிச் சென்னை வரையில்தான் வந்தார்கள். அங்கே நம் சட்டசபை அங்கத்தினர்களைக் கண்டு பேசினால் போதுமே! தமிழ்நாட்டு அங்கத்தினர் ஒருவருடைய வோட்டின் மதிப்பு 176. 1971-ம் வருஷத்து ஜனத்தொகைப்படி ஆயிரம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அதாவது, நம்மைப் போல் ஆயிரம் பேர் கூடினால் ஒரு வோட்டு!

அந்த வோட்டு யாருக்கு விழுந்தது என்று நாம் அறிய வழியில்லை. வாக்கெடுப்பு ரகசியம், கட்சிக் கொறடாவின் உத்தரவும் அங்கே செல்லாது. 1969-ம் வருஷத்தில் காங்கிரஸ் நிறுத்திய சஞ்சீவ ரெட்டி தோற்று, வி. வி. கிரி ஜெயித்தது காங்கிரஸ்காரர்களே பலர் மாற்றி வோட்டளித்ததனால்தான். அதற்கு 'மனச்சாட்சி வோட்டு' என்று பெயரிட்டார்கள். நல்ல பெயர்தான், ஆனால் ஒரு லக்ஷத்து எழுபத்தாறாயிரம் பேருக்காக ஒருவருடைய மனச்சாட்சி பேசுகிறதென்றால், அதை முன்கூட்டியே கொஞ்சம் விசாரித்து வைப்பது நலமல்லவா?

ஆகவே, ஒரு சட்டசபைத் தேர்தலின்போது நம் ஊர்க் கடைத்தெருக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். குடிநீர், சாலை, பஸ் எல்லாம் பேசி முடித்து அபேட்சகர் கீழே இறங்கியதும், "ஜனாதிபதி தேர்தலில் தாங்கள் யாரை ஆதரிப்பீர்கள்?" என்று கேட்டோம். அவர் கைகூப்பிப் புன்னகை புரிந்தார்.

"அதை மேலிடம் பார்த்துக்கொள்ளும், ஸார்!"