தோழியுடன் சிங்கப்பூரில் நான்கு நாட்கள்

வெளிநாட்டுப் பயணம் என்றதும், இது வசதி படைத்தவர் வீட்டுக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றில் தையல் தைத்துக் குடும்பம் நடத்துபவள். என்னோடு வந்தவள் பக்கத்து முள்ளியவளையில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை. சிறுவயதில் இருவரும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தோம். மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், 2024 டிசம்பர் விடுமுறையில் நான்கு நாட்கள் சிங்கப்பூர் போய் வந்தோம்.

"மஹ்ரம் துணை இல்லாமலா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் மூத்த மகன் கூடவே வந்தான். முன்பு அங்கே வேலை செய்தவன் ஆகையால் வழியெல்லாம் அவனுக்குத் தெரியும். "உம்மா, நீங்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பத்தடி முன்னால் நடப்பான். அந்தப் பத்தடிதான் அவன் எங்களுக்குச் செய்த பெரிய உதவி.

போக நினைப்பவர்களுக்குச் சில விபரங்கள். நமது கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா எடுக்க வேண்டியதில்லை. போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டுநாயக்காவில் இருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு. இறங்கியதும் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் திருப்பி வையுங்கள். டிசம்பரில் அங்கேயும் மாரி மழைதான், எனவே குடையை மறக்க வேண்டாம்.

அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. என் தோழி கண்ணில் பட்ட அறிவித்தல் பலகைகளையெல்லாம் நின்று வாசித்தாள். மீதிக் காசாகக் கிடைத்த நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால், அதிலும் "சிங்கப்பூர்" என்று தமிழில் இருந்தது. அதில் ஒன்றைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

இரண்டாம் நாள் கம்போங் கிளாம் பகுதியில் சுல்தான் பள்ளிவாசலைப் பார்த்தோம். பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் கறுத்த வளையம் ஒன்று தெரியும். கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தால் அத்தனையும் கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள். 1920களில் இந்தப் பள்ளியைப் புதிதாகக் கட்டியபோது, பணம் கொடுக்க வசதியில்லாத ஏழைகள் போத்தல்களைக் கொடுத்தார்களாம். அவற்றை யார் கண்ணுக்கும் படாத மூலையில் வைக்காமல், குவிமாடத்துக்கே ஆபரணமாகப் பதித்திருக்கிறார்கள்.

பகலுணவுக்கு முர்தபாக் சாப்பிட்டோம். கொத்திய இறைச்சியும் முட்டையும் வெங்காயமும் வைத்து மடித்துச் சுட்ட ரொட்டி. நம்மூர் முட்டை ரொட்டிக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். அன்று தோழிக்கு மரக்கறி நாள், அதனால் அவள் வேறு கடையில் சோறு எடுத்து வந்தாள். அங்குள்ள உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டுகளைத் திருப்பி வைப்பதற்கு ஹலாலுக்கு ஒரு இடமும் மற்றவற்றுக்கு ஒரு இடமும் தனித்தனியே இருக்கின்றன. அவள் பலகையை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தன் தட்டை உரிய இடத்தில் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மனம் மட்டும் குளிர்ந்தது.

மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

சீனர்கள் நிறைந்த சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலை என்றொரு தெரு. அங்கே சோழமண்டலக் கரையில் இருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சில எட்டுகள் தள்ளி 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில். அருகிலுள்ள சிறு தெருக்களில் ஒன்றுக்குப் பள்ளிவாசல் தெரு, இன்னொன்றுக்குக் கோயில் தெரு என்று ஆங்கிலத்தில் பெயர். அஸர் நேரம். நான் தொழப் போனேன், அவள் கோயிலுக்குப் போனாள். பள்ளி வாசலில் சந்திப்பதென்று பேச்சு.

தொழுது முடித்து வந்து நின்றேன். அவளைக் காணவில்லை. கால் மணி நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்டைக்கு நான் உன்ரை படலையடிக்கு வரேல்லையடி" என்றாள்.

எந்த நாளைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட நாட்கள் அவை. எனக்கு அப்போது பதினாறு வயது. உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலைக் கூட்டினார். இனி வராத வீட்டை ஏன் கூட்டுகிறீர்கள் என்று வாப்பா கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கியபடி நான் தெருவின் அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டே போனேன். அவள் வரவில்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் கழிந்த வருடங்களில், இழந்த வீட்டை விட அந்த வெறும் தெருதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

"அப்பா கதவைப் பூட்டிப்போட்டார். வெளியில போனா என்ன நடக்குமோ எண்டு பயம். நானும் தட்டிப் பாக்கேல்லை" என்றாள்.

சகோதரிகளே, இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 2009இல் யுத்தம் முடிந்தபோது, வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். கணவனைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு அவளும் அங்கே இருப்பதாக எனக்குத் தகவல் வந்தது. புத்தளத்தில் இருந்து அது ஒரு பகல் பயணம்கூட இல்லை. உள்ளே விடாவிட்டாலும் வேலிக்கு வெளியே நின்று முகம் பார்த்து வந்தவர்கள் உண்டு. நான் போகவில்லை. "நாங்கள் போனபோது யார் வந்தார்கள்?" என்றொரு கசப்பு என்னைத் தடுத்துவிட்டது. அவளையாவது அவளுடைய அப்பா பூட்டி வைத்தார். என் கதவு திறந்துதான் கிடந்தது.

அதை அந்த நடைபாதையில் வைத்து அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு கடை வாசலில் எதையோ விலை கேட்பதுபோல் நின்றுகொண்டான்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு ஒரே ஊர்ப்புறத்தில் இத்தனை வருடம் இருந்தும், இந்தப் பேச்சு எங்கள் வாயில் வரவில்லை. ஊரில் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் அது அவளுடையதாகவோ என்னுடையதாகவோ இருக்கும். சிங்கப்பூரில் இருவருமே விருந்தாளிகள்.

பிறகு தெலுக் ஆயர் தெருவுக்கு நடந்தோம். ஒரு காலத்தில் அதுதான் கடற்கரையாம். கப்பலில் வந்திறங்கிய தமிழ் முஸ்லிம்கள் 1830ஐ ஒட்டி அங்கே கட்டிய நாகூர் தர்கா, இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. அதே தெருவில் சீனர்களின் பழைய கோயிலும் உண்டு. கடலை மண்ணிட்டு நிரப்பியதால் இப்போது தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. "எங்கட கடல் 2004இல ஊருக்குள்ள வந்துது. இவை கடலைத் தள்ளி வச்சிருக்கினம்" என்றாள் தோழி. அழுத கண்ணோடு இருவரும் சிரித்தோம்.

கடைசி நாள் செரங்கூன் பக்கம் கடைத்தெரு. பிள்ளைகளுக்குச் சொக்லேட், எனக்கு ஒரு நல்ல தையல் கத்தரிக்கோல், அவளுக்கு ஒரு குடை. அதற்குமேல் பணமும் இல்லை, ஆசையும் இல்லை.

கொழும்பில் இருந்து இரவு பஸ் ஏறி விடியற்காலையில் ஊரில் இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்கு மற்றப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல், புதுக் குடையை விரித்துக்கொண்டு என் படலை வரை வந்தாள். உள்ளே வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனாள்.

உங்களுக்கும் இப்படிப் பேசாமல் விட்ட ஒரு சினேகிதி எங்காவது இருக்கலாம். அவளைத் தேடிப் போகக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஸலாமை முந்திச் சொல்பவரே இருவரில் சிறந்தவர் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நான் முந்தவில்லை, அவள்தான் முந்தினாள். நீங்களாவது முந்திக்கொள்ளுங்கள்.