மான் தோட்டத்தில் ஒரு மாலை உணவு

கணவனும் மனைவியும் மட்டும் எதிரெதிரே அமர்ந்து உண்பது நம் தோட்டப்புறங்களில் அரிது. விருந்தென்றால் திருமணமோ திருவிழாவோ இருக்க வேண்டும். அங்கும் ஆண்களுக்கு முதல் பந்தி. பரிமாறிய பெண்களுக்குக் கடைசிப் பந்தி. ஜெர்மனியின் மியூனிக் நகரில் நானும் என் துணைவியாரும் உண்ட ஒரு மாலை உணவைப் பற்றி எழுத விரும்பியதற்கு இதுவே காரணம்.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், அங்கே பணிபுரியும் என் மைத்துனர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். "மாமா, பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன். நீங்களும் அக்காவும் மட்டும் வெளியே போய்ச் சாப்பிட்டு வாங்க," என்று அவர்தாம் அனுப்பி வைத்தார்.

நாங்கள் சென்ற இடத்தின் பெயர் ஹிர்ஷ்கார்ட்டன். 'மான் தோட்டம்' என்பது பொருள். 1780-இல் கார்ல் தியோடோர் என்னும் ஆட்சியாளர் இங்கே மான்கள் வளர்க்க ஏற்பாடு செய்தார். வேலிக்குள் இன்றும் மான்கள் மேய்கின்றன. அருகிலே உணவகம், அதையொட்டி மரநிழலில் ஏறத்தாழ 8,000 பேர் அமரக்கூடிய திறந்தவெளி. கோடைக்காலமாதலால் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மறையவில்லை.

இத்தகைய தோட்ட உணவகங்கள் தோன்றிய கதை சுவையானது. கோடையில் பீர் காய்ச்சக் கூடாதென்று பவேரியாவில் 1539-இல் சட்டம் வந்தது. செப்டம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்சலாம். எனவே, காய்ச்சியதை நிலவறைகளில் பனிக்கட்டியிட்டுச் சேமித்தார்கள். நிலவறை சூடேறாதிருக்க மேலே சரளைக்கல் பரப்பி, அகன்ற இலைகளுள்ள செஸ்நட் மரங்களை நட்டார்கள். நிழலைத் தேடி மக்கள் வந்தனர், மேசைகளும் வந்தன. தங்கள் பிழைப்புக் கெடுவதாக மற்ற விடுதிக்காரர்கள் முறையிட்டார்கள். 1812-இல் மன்னர் முதலாம் மேக்சிமிலியன் யோசப் தீர்ப்பளித்தார்: நிலவறைக்காரர்கள் பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு உணவு விற்கலாகாது!

விளைவு? மக்கள் வீட்டிலிருந்தே கட்டுச்சோறு கொண்டுவரத் தொடங்கினர். அந்தத் தடை நீங்கிய பின்னும் வழக்கம் நீங்கவில்லை. விரிப்பில்லாத மேசைகளில் யாரும் வீட்டு உணவைப் பிரித்து உண்ணலாம். பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். விரிப்பிட்ட மேசையில் அமர்ந்தால் பணிப்பெண் வந்து பரிமாறுவார். பாட்டி முதல் பேரன்வரை ஒரு குடும்பமே டப்பாக்களைத் திறந்து வைத்து உண்பதைப் பார்த்தபோது, நாம் முருகன் கோயில் திருவிழாவுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதுதான் என் நினைவுக்கு வந்தது.

நாங்கள் விரிப்பிட்ட மேசையில் அமர்ந்தோம். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் வேண்டாமென்று முன்னதாகச் சொல்லிவிட்டோம். எனக்கு வாட்டிய அரைக்கோழியும் உருளைக்கிழங்குக் கலவையும் வந்தன. துணைவியாருக்கு 'கேஸ்ஷ்பெட்ஸ்லெ': முட்டையும் மாவும் பிசைந்து செய்த சிறு துண்டுகளைப் பாலாடைக்கட்டியோடு கலந்து, மேலே பொரித்த வெங்காயம் தூவியது. வெள்ளை முள்ளங்கியைச் சுருள்சுருளாகச் சீவி உப்பிட்டு வைத்திருந்தார்கள். உப்பிட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்த முட்டைக்கோசும் உண்டு; நம் ஊறுகாயை நினைத்து வாயில் வைத்தால் காரம் இராது! குச்சியில் செருகி நெருப்பருகே வாட்டும் மீனின் மணமோ, நம்மூர் ஈக்கான் பாக்கார் கடைகளை அப்படியே நினைவூட்டியது. குடிப்பதற்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த பானம் கேட்டோம்.

பணிப்பெண் முதல் தட்டைத் துணைவியார் முன்புதான் வைத்தார். அவரோ பழக்கதோஷத்தால் அதை என் பக்கம் நகர்த்தப் போனார். "அது உனக்குத்தான், நீ சாப்பிடு," என்றேன். இரண்டு வாய் உண்டபின், "என்னங்க, இப்படி உட்கார்ந்த இடத்தில் சூடாகச் சாப்பிட்டு எத்தனை வருசமாச்சு தெரியுமா?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு ஊட்டி, எனக்கும் பரிமாறிவிட்டு, ஆறிய சோற்றைத் தின்பதே அவருக்கு வழக்கமாகியிருந்தது.

சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் தாய்மார்கள் காத்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மியூனிக் நகரத்தாரும் குடிக்கத்தான் செய்கிறார்கள்; ஒரு குவளை ஒரு லிட்டர்! குடி எந்த நாட்டிலும் கேடுதான். ஆனால், மனைவியை வாசலில் நிறுத்திவிட்டு ஆண் மட்டும் உள்ளே போகும் வழக்கத்தை நான் அங்கே காணவில்லை. அம்மாவும் பிள்ளைகளும் அதே மேசையில்தான் இருக்கிறார்கள்.

இதற்காக யாரும் ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. பட்டணத்து வாழையிலைக் கடை போதும். பிள்ளைகளை ஒரு மாலை பாட்டியிடம் விட்டுவிட்டு, நாளெல்லாம் செம்பனைக் காட்டிலும் அடுப்படியிலும் உழைக்கும் அந்தக் கைக்கு ஒருவேளை ஓய்வு கொடுங்கள். முதல் இலை அவருக்கு விழட்டும்.