மூண்டாவது சாகுது

போன மாசியில், ரொறொன்ரோவில், என் காரின் எஞ்சின் விளக்கு மினுங்கத் தொடங்கியது. அது நின்று எரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம். மினுங்கினால் உடனே ஓரங்கட்ட வேண்டும். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கேயுள்ள கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சுட்டுவிடும். பக்கத்து வீட்டுப் பெடியனிடம் ஸ்கானரை இரவல் வாங்கி ஸ்ரியறிங்குக்குக் கீழே செருகினேன். பி0303 என்று வந்தது. மூன்றாம் சிலிண்டர் மிஸ் பண்ணுகிறது.

ஸ்கானரைக் கையில் வைத்துக்கொண்டு பனிக்குள் கொஞ்சநேரம் சும்மா நின்றேன். மூன்றாம் சிலிண்டரோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு.

இணுவிலில் பெரியப்பாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் இருந்தது. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்தவை அந்தக் கார்கள். 1200 சிசி எஞ்சின், ஆமை ஓடு மாதிரி முதுகு. ஊரில் 'ஏ போட்டி' என்றால்தான் தெரியும். கலியாணம், செத்தவீடு, பெரியாஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஹயர் ஓடியது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல் அருந்தலானபோது ஜப்பான் வண்டிகள் மாட்டுக்கொட்டிலில் படுத்தன. இந்தக் கிழங்களோ மண்ணெண்ணெயில் எழும்பி ஓடின. அமுக்கம் குறைந்த எஞ்சின். எதை ஊற்றினாலும் பொறுத்துக்கொள்ளும்.

பொறுத்துக்கொள்ளும் என்றால் சும்மா இல்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்ன மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் நாலைந்து சொட்டைக் காபரேற்றரின் வாய்க்குள் விட வேண்டும். பற்றரியில் ஸ்ராட்டரைச் சுற்றும் வலு இல்லாததால் முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றுவது என் வேலை. சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறிந்துவிடும். பிடித்துக்கொண்டால் வெள்ளைப் புகை கிளம்பி முற்றத்து மாமரத்தை மறைக்கும். ஒரு விசித்திரம்: ஓட ஓட எஞ்சின் ஒயில் குறையாது, கூடும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரத்தால் வடிந்து ஒயிலோடு கலந்துவிடும். பெரியப்பா ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்து, "தடைக் காலத்தில கூடுற ஒரே சாமான் இதுதான்" என்பார்.

1994 மாரியில் கார் மிஸ் பண்ணத் தொடங்கியது. பிளக்குகளைக் கழற்றிப் புகைக்கரியைச் சுரண்டிப் போட்டால் இரண்டு நாள் ஒழுங்கு. மூன்றாம் நாள் விடிய, டக்-டக்-க்-டக் என்று ஒரு கால் நொண்டும். பத்து மணி வெயிலேற நொண்டல் மாறிவிடும். எல்லோரும் மண்ணெண்ணெயைத்தான் திட்டினோம். அந்தக் காலத்தில் எதற்கும் மண்ணெண்ணெயைத் திட்டலாம்.

காங்கேசன்துறை வீதியை ஒட்டி, கிடுகு வேய்ந்த ஒரு கராச் இருந்தது. அங்கே வேலை செய்தவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். தெட்சணாமூர்த்தியின் தவிலை நேரே இருந்து கேட்டவர். அதில் அவருக்கு மெத்தப் பெருமை. காரைக் கொண்டுபோனால் பொனற்றைத் திறக்கமாட்டார். முதலில் பின்னுக்குப் போய்ப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து, தொடையில் தாளம் போட்டபடி கேட்பார். ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு. சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை அது. நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைப் பிழைவிட்டாலும் இதை இன்றுவரை பிழைவிட்டதில்லை.

பிறகுதான் பொனற். ஓடுகிற எஞ்சினில், துணி சுற்றிய கையால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக இழுப்பார். முதலாவதை இழுக்க எஞ்சின் தளர்ந்து குலுங்கியது. மூன்றாவதை இழுக்கச் சத்தம் மாறவேயில்லை.

"கேட்டியோ? மூண்டாவது சாகுதடா தம்பி. செத்ததை இழுத்தா ஆர் அழப்போகினம்?"

அவர் சொன்ன அடுத்த கதைதான் எனக்குப் பிடித்தது. "மண்ணெண்ணெய்தான் பிழையெண்டா நாலும் ஒரே மாதிரிக் கறுக்க வேணும். இது மூண்டு மட்டும்தான் நனைஞ்சு கிடக்கு." மூன்றின் பிளக்கை ஒன்றுக்கும், ஒன்றின் பிளக்கை மூன்றுக்கும் மாற்றினார். நொண்டல் மூன்றிலேயே நின்றது. ஆகவே பிளக் பிழையில்லை. வயரை மாற்றினார்; அதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றிய ஓட்டையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு என்னை ஹாண்டில் சுற்றச் சொன்னார். காற்று அவர் விரலைத் தள்ளி எறிந்தது. அமுக்கமும் இருக்கிறது. பொயின்ற்றும் கொண்டென்சரும் நாலுக்கும் பொது. அவை பழுதென்றால் நாலுமல்லவா நொண்ட வேண்டும்?

"பொழுதுபடட்டும், பாப்பம்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. பொழுதுபட்டால் இருட்டுத்தான். ஜாம் போத்தல் விளக்கையும் ஊதி அணைத்துவிட்டு, தூறல் ஈரத்துக்குள் பொனற்றைத் திறந்து காரை ஓட விட்டார். கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு கண்டேன். டிஸ்ரிபியூட்டர் மூடியில், மூன்றாம் வயர் செருகியிருக்கும் குமிழிலிருந்து கீழ் விளிம்பு வரை, மயிரிழைபோல ஒரு நீலப்பொறி ஊர்ந்துகொண்டிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய நெருப்பு ஈரத்தில் வழிதவறி எஞ்சின் உடம்புக்கு இறங்குகிறது. வெயிலில் விளிம்பு காய்ந்ததும் திரும்பவும் நேர்வழிக்கு வந்துவிடும். மூடியில் நூல்போல ஒரு வெடிப்பு, அதற்குள் கரி. அது காரோடு வந்த மூடியுமல்ல, எதிலிருந்தோ கழற்றிப் போட்டது.

புது மூடிக்கு எங்கே போவது? அண்ணை பிளேட் நுனியால் கரியைச் சுரண்டினார். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுத் துடைத்துக் காயவைத்தார். பிறகு, "வீட்டில கியூட்டெக்ஸ் கிடக்கோ?" என்று கேட்டார். அக்காவின் சாமத்தியச் சடங்குக்குக் கொழும்பு மாமி கொண்டுவந்த போத்தல் ஒன்று அடியில் பிசினாக உறைந்து கிடந்தது. அதைக் கரைத்து வெடிப்பின்மேல் பூசினார். கறுத்த மூடியில் இரத்தச் சிவப்பாக ஒரு கோடு. அக்கா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கார் அதற்குப் பிறகு நொண்டவில்லை.

1995 ஐப்பசி 30. வலிகாமத்தை விட்டு உடனே வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி அறிவித்தது. அன்றிரவு மழை. லட்சக்கணக்கில் சனம் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நகர்ந்தது. நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஓரடி வைக்கப் பத்து நிமிடம். ஏ போட்டிக்குள் பாட்டியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சியும் இரண்டு குழந்தைகளும் ஒரு தையல் மெசினும். நாங்கள் பக்கத்தில் நனைந்துகொண்டு நடந்தோம். அந்த மழைக்குள்ளும் நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு. மூன்று ஒருமுறைகூடச் சாகவில்லை.

கைதடியில் மண்ணெண்ணெய் முடிந்தது. தள்ளி ஒரு வேலியோரம் விட்டோம். அண்ணை அந்தச் சனத்துக்குள் எங்கேயோ வந்தவர். பிறகு கிளாலியால் வன்னிக்குப் போனாரென்று கேள்வி. அதற்கு மேல் ஒரு கதையும் இல்லை.

இங்கே, மூன்றாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி ஒன்றில் போட்டு, ஒன்றினுடையதை மூன்றில் போட்டேன். ஸ்கானர் பி0301 என்று மாற்றிச் சொன்னது. கொயில்தான் பிழை. புதுசு வாங்கிப் பூட்ட இருபது நிமிடம். ஸ்ராட் பண்ணிப் பார்த்தேன். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அமைதி. பின்னுக்குப் போய்ப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்தும் எண்ண முடியவில்லை.

கைதடியில் காரை விட்டுப் புறப்படும்போது பெரியப்பா மழைக்குள் பொனற்றைத் திறந்து, மூடியைத் தூக்கி, உள்ளே சுழலும் றோட்டரைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது இல்லாமல் ஒருவராலும் காரைக் கொண்டுபோக முடியாது என்று கணக்கு. 1996இல் திரும்பி வந்தபோது வேலி இருந்தது, கார் இல்லை. றோட்டர் மட்டும் அலுமாரியில் திறப்புகளோடு கிடந்தது. ஒருமுறை வீடு கூட்டும்போது பெரியம்மா அதை எறியப் பார்த்தா.

"வை, வை. காருக்கு வேணும்" என்றார் பெரியப்பா.